துணை என்னும் சொல்

நெடுஞ்சாலையில் எதிரே வரும் லாரியின் நெற்றியில் ‘முருகன் துணை’ என்றோ ‘மாதா துணை’ என்றோ எழுதியிருப்பதை வாசித்து வாசித்தே எழுத்துக் கூட்டக் கற்றவர்கள் நாம். கல்யாணப் பத்திரிகையின் தலைப்பிலும், கடைக்காரரின் பேரேட்டு முதற்பக்கத்திலும், ஊரிலிருந்து வந்த கடிதத்தின் உச்சியிலும் அந்தச் சொல்லைக் கண்டு கண்டு பழகிவிட்டதால், அதன் பொருளை நின்று நிதானித்து எண்ணிப் பார்க்கும் அவசியம் எனக்கு வெகுகாலம் ஏற்பட்டதில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு பட்டறையில் கண்ட காட்சிதான், எவரைத் துணை என்கிறோம், எந்த நிலையில் இருந்துகொண்டு அப்படிச் சொல்கிறோம் என்ற கேள்வியை என் நெஞ்சில் ஊன்றியது.

பிரேக்கைச் சரிபார்க்கச் சொல்லி என் காரை விட்டுவிட்டுக் காத்திருந்தேன். பக்கத்தில் முகப்பு நசுங்கிய வேறொரு கார் நின்றிருந்தது. கதவு திறந்தே கிடந்ததால் எட்டிப் பார்த்தேன். ஸ்டீயரிங்கின் நடுவிலிருந்து ஏர்பேக், திருவிழா முடிந்த மறுநாள் பந்தலில் தொங்கும் துணியைப் போல, வெளுத்துச் சோர்ந்து தொங்கிற்று. இருக்கையெங்கும் திருநீறு இறைத்தாற்போல ஒரு மெல்லிய பொடி. உள்ளே தீபாவளிக்கு மறுநாள் காலைத் தெருவின் வாடை. இடப்புறத்தில், ஓட்டுபவருக்கு அருகே அமர்பவரின் எதிரில், டாஷ்போர்டின் மூடி பிளந்து மேல்நோக்கி மடிந்திருந்தது; அதற்கு நேர்மேலே கண்ணாடியில் சிலந்தி வலை போன்ற விரிசல். பிளந்த மூடியின்மேல் இருபுறமும் ஒட்டும் டேப்பின் துண்டொன்றும், அதைச் சுற்றிக் காய்ந்துபோன குங்குமத்தின் வட்டமும் அப்படியே இருந்தன. நான் பார்ப்பதைக் கவனித்த மெக்கானிக், பின் சீட்டின் அடியிலிருந்து எடுத்து வைத்திருந்த பித்தளைப் பிள்ளையார் ஒன்றைக் கையில் கொண்டுவந்து காட்டினார். கட்டைவிரல் உயரந்தான் இருக்கும்; துதிக்கையின் நுனி மழுங்கியிருந்தது. “நல்லவேளை, முன் சீட்டுல ஆள் இல்ல சார். இருந்திருந்தா...” என்று தொடங்கியவர், வாக்கியத்தை முடிக்காமல் அந்த விக்ரகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அலமாரியின்மேல் வைத்தார்.

என் காரிலும் அதே இடத்தில் அதே அளவில் ஒரு பிள்ளையார் இருந்தார். கார் வாங்கிய அன்று, சென்னைப் பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரர் கோயில் வாசலில், புது வண்டிகளோடு வண்டியாக அதையும் நிறுத்தி, பூசணிக்காய் சுற்றி உடைத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுத்துவந்த பிறகு, என் அத்தை தம் கையாலேயே ஒட்டிய பிள்ளையார் அவர். அவர் அமர்ந்திருந்த மூடியின்மேல் சில ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. அவற்றின்மேல் மஞ்சளும் குங்குமமும் நாள்தோறும் படிந்து வந்ததால் நான் அவற்றை வாசித்ததேயில்லை. பட்டறையிலிருந்து திரும்பி வந்து, ஈரத் துணியால் துடைத்துவிட்டு வாசித்தேன். எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக் என்றிருந்தது. அந்த முதலெழுத்தான எஸ் குறிக்கும் பொருள், வேறொன்றுக்குத் துணையாக வந்து சேர்வது என்பதே. அந்த வேறொன்று, தோளின் குறுக்கே நாம் இழுத்து மாட்டிக்கொள்ள வேண்டிய சீட் பெல்ட்.

அன்று மாலை அத்தையிடம் விஷயத்தைச் சொல்லி, பிள்ளையாரை அங்கிருந்து எடுத்துவிடலாமென்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “காப்பாத்தட்டும்னுதானே அவரை அங்க வச்சது? அவரை எடுத்துட்டு, அந்தப் பையை நம்பப் போறியா?” என்று கேட்டார். அதில் கோபம் இல்லை. உண்மையான மனக்கலக்கம் இருந்தது. “எங்கப்பா சொல்லுவார், குரங்குக்குட்டி தாயைப் பிடிச்சுக்கும், பூனைக்குட்டியைத் தாயே தூக்கிட்டுப் போகும்னு. நாம பூனைக்குட்டியா இருந்துட்டாப் போதாதாடா?” என்றும் கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. தெய்வத்தை நம்புகிறவன் தன்னைத் தானே காத்துக்கொள்ள முயல்வது நம்பிக்கையின் குறைதானா என்பது எளிய கேள்வியன்று; நம் ஆசாரியர்கள் பல தலைமுறைகள் வாதிட்ட கேள்வி அது.

இந்தப் பை என்ன செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. வண்டி எதிலேனும் பலமாக மோதிய க்ஷணத்தில், வேகம் திடீரென்று குறைவதை உணரும் கருவி அதனை அறிந்து, இது பை விரிய வேண்டிய மோதல்தான் என்று தீர்மானித்து, ஒரு சிறு மின்பொறியை எழுப்புகிறது. அந்தப் பொறி மருந்தொன்றைப் பற்றவைக்க, முற்காலப் பைகளில் சோடியம் அசைடு என்னும் உப்பாக இருந்த அந்த மருந்து சிதைந்து வாயுவாக மாறி, மடித்து வைத்த நைலான் பையை நிரப்புகிறது. மோதல் தொடங்கிப் பை முழுதும் விரிந்து நிற்பதுவரை ஏறத்தாழ 50 மில்லி விநாடியே ஆகிறது. கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் மாத்திரையின் அளவாகத் தொல்காப்பியம் வகுத்தது.  இந்தப் பையோ, ஒரு மாத்திரை முடிவதற்குள் முழுதும் விரிந்துவிடுகிறது. அபாயத்தைக் கண்ட கண் சொல்லி, மனம் சங்கற்பித்து, கால் பிரேக்கை மிதிப்பதற்கு நமக்கு ஒரு விநாடியளவு பிடிக்கிறது. ஆகவே அந்தப் பொழுதில் நம் இச்சைக்கு இடமே இல்லை. நாம் அழைத்து அது வருவதில்லை. அஞ்சி அலறுவதற்கும் முன்பே அது வந்து, ஏந்தி, தளர்ந்தும் விடுகிறது. பிரத்தியட்ச உலகில், பூனைத்தாய் குட்டியைக் கவ்வுவதற்கு இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் அத்தை சொன்னதே சரியென்றாகிவிடுமே என்று இரவெல்லாம் யோசித்தேன். ஸ்ரீவைஷ்ணவத்தில் வடகலையார் குரங்குக்குட்டியின் நியாயத்தையும் தென்கலையார் பூனைக்குட்டியின் நியாயத்தையும் கொண்டவர்கள் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. ஆனால் அந்தப் பூனைக்குட்டிக்கும் வேண்டிய ஒன்றைத் தென்கலை ஆசாரியரான பிள்ளைலோகாசாரியாரின் வழிவந்தோர் சொல்லத் தவறவில்லை. அதற்கு விலக்காமை என்று பெயர். தாய் கவ்வ வரும்போது குட்டி உதறிக்கொண்டு ஓடாதிருக்க வேண்டும். எடுக்க வரும் கையைத் தள்ளாதிருக்க வேண்டும். இது முயற்சியாகாது, ஈட்டமுமாகாது. அருளுக்கு விலை கொடுப்பதுமாகாது. வடகலையாரின் ஆசாரியரான வேதாந்த தேசிகர், சரணாகதியை அருளுக்குக் காரணமென்னாமல் ஒரு வியாஜம், அதாவது இறைவன் இரங்குவதற்குக் கிடைக்கும் ஒரு சாக்கு என்றார். இரு கலையாரின் வாதங்களிலும் உள்ள நுட்பங்களை நான் சமமாக்கிவிட முயலவில்லை, அவை சமமானவையுமல்ல. ஆயினும் சீட் பெல்ட்டை மாட்டிக்கொள்ளும் அந்தச் சின்னஞ்சிறு காரியம், நாம் நம் பலத்தால் பிழைக்கிறோம் என்ற அகங்காரத்தைச் சேர்ந்ததன்று, விலக்காமையைச் சேர்ந்தது என்பது எனக்கு உறுதிப்பட்டது. பெல்ட் அணியாதவன் மோதலுக்கு முந்திய பிரேக்கிலேயே முன்னோக்கிச் சரிந்து, பை விரியும் இடத்தில் தன் முகத்தைக் கொண்டுபோய் வைத்துவிடுகிறான். ஏந்த வந்தது அவனை அறைகிறது.

இந்த அறையின் வலிமையைப் பலர் அறியார். பை வெளிப்படும் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரை எட்டவல்லது. மெத்தென்ற தலையணையாகவே அதை நாம் கற்பனை செய்கிறோம்; அது தலையணையாவது விரிந்து முடிந்து, பின்புறத் துளைகளின் வழியே வாயு கசியத் தொடங்கிய பிறகுதான். அந்தத் தளரும் நிலையில் நம் முகமும் மார்பும் அதில் புதைய வேண்டும். விரிந்துகொண்டிருக்கும் நிலையில் சந்தித்தால் எலும்பு முறியும், கண் போகும், கழுத்தும் போகும். முதல் இரண்டு மூன்று அங்குலத் தூரமே மிகக் கொடிய இடம் என்பதால், ஸ்டீயரிங்கின் நடுவுக்கும் நம் மார்பெலும்புக்கும் இடையே குறைந்தது 10 அங்குலம், அதாவது 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டுமென்று வகுத்திருக்கிறார்கள். உயரம் குறைந்தவர்கள், குறிப்பாகப் பெண்களும் முதியவர்களும், கால் எட்டவேண்டுமென்று இருக்கையை முன்னே இழுத்து, ஸ்டீயரிங்கை மார்போடு அணைத்தாற்போல ஓட்டுவதை நாள்தோறும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வண்டியை நிறுத்திச் சொல்லலாமா என்று மனம் பதைக்கிறது. இருக்கையின் முதுகைச் சற்றுச் சாய்த்துக்கொண்டாலே பெரும்பாலும் அந்தத் தூரம் கிடைத்துவிடும். கைகள், கடிகாரத்தில் ஒன்பதும் மூன்றும் இருக்கும் இடங்களில் இருந்தால் பை வரும் வழியில் குறுக்கிடமாட்டா. இடப்புறம் அமர்ந்தவர் டாஷ்போர்டின்மேல் காலை நீட்டிக்கொண்டு தூங்குவது, தன் முழங்காலைத் தன் முகத்தை நோக்கிக் குறிவைத்து வைப்பதாகும். அந்த மூடியின்மேல் வைத்த எப்பொருளும், பொம்மையாயினும் கைப்பேசித் தாங்கியாயினும் தெய்வ விக்ரகமேயாயினும், அந்தப் பொழுதில் எறியப்பட்ட கல்தான்.

சைவ சித்தாந்திகள் இறைவனின் அருளை அறக்கருணை என்றும் மறக்கருணை என்றும் இரண்டாகப் பகுத்தார்கள். தட்டிக்கொடுப்பது ஒன்று, தண்டிப்பதுபோல வந்து காப்பது மற்றொன்று. ஏர்பேக் இரண்டாவதன் ஜாதியைச் சேர்ந்தது. எனினும் இந்த ஒப்புமையை நான் நெடுந்தூரம் இழுத்துச்செல்ல அஞ்சுகிறேன். ஏனெனில் 1990-களில் அமெரிக்காவில் நடந்தவற்றைப் படித்தபின், எந்தச் சித்தாந்தமும் என்னை முழுதாக ஆற்றவில்லை. அந்நாட்டில் அப்போது சட்டம் வகுத்திருந்த சோதனையின்படி, பெல்ட் அணியாத, சராசரி உடல்வாகுள்ள ஒரு வளர்ந்த ஆணையும் அந்தப் பை தடுத்து நிறுத்தியாக வேண்டியிருந்தது. அணியமாட்டேனென்று பிடிவாதமாக இருந்தோர் பலராதலால், அவர்களுக்கேற்ற வலிமையோடு பை செய்யப்பட்டது. அந்த வலிமை, கடைத்தெருவில் மெதுவாக ஊர்ந்து சென்று முன் வண்டியில் இலேசாக முட்டிய கார்களில், முன் இருக்கையில் இருந்த குழந்தைகளைக் கொன்றது. பையே இல்லாதிருந்தால் அழுதுகொண்டு இறங்கி வந்திருக்கக்கூடிய குழந்தைகள்! 1990 முதல் 2008 வரையில் அந்நாட்டில் முன்புறப் பைகள் விரிந்ததனாலேயே இறந்தவர்கள் 290-க்கும் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் பெல்ட் அணியாதவர்கள் அல்லது சரியாக அணியாதவர்கள். அதே முன்புறப் பைகள் 2017 வரையில் அந்நாட்டில் காத்த உயிர்கள் 50,000-க்கும் மேல் என்பதும் உண்மை. ஆனால் இந்த இரண்டு தொகைகளையும் தராசின் இரு தட்டுகளில் வைத்து, லாபமென்று முடிவுகட்டிவிட என் மனம் இசையவில்லை. ஒருவனது அசட்டையின் அளவுக்கு ஏற்ப அருளின் வலிமை கூட்டப்பட, அந்த வலிமையின் விலையை அசட்டையாவதென்னவென்றே அறியாத ஒரு குழந்தை கொடுத்ததே, இது யாருடைய வினை? 1997-இல் பையின் வேகத்தைத் தணிக்க அனுமதித்தார்கள். குழந்தைகளைப் பின் இருக்கைக்கு அனுப்புங்கள் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. வினையென்று விட்டிருந்தால் குறைந்திரா.

இதைப் படித்த அன்று என் கை நடுங்கியதற்குக் காரணம் உண்டு. அத்தையின் பேத்திக்கு அப்போது ஐந்து வயது. திருவரங்கத்துக்குப் போனபோதெல்லாம் ஆறு மணி நேரமும் முன் இருக்கையில் அத்தையின் மடியில்தான் அவள் இருந்தாள். எங்கள் பெல்ட்டுக்கு உள்ளே குழந்தையையும் சேர்த்துக் கட்டியதைப் பாதுகாப்பென்று நாங்கள் நினைத்திருந்தோம். அவள் தலைக்கும் அந்த மூடிக்கும் இடையே ஒரு சாண் இருந்திருக்குமா? பன்னிரண்டு வயதுவரை குழந்தைக்கு உரிய இடம் பின் இருக்கை. கைக்குழந்தையைப் பின்னோக்கி அமர்த்தும் இருக்கையை, பை உயிரோடிருக்கும் முன் இடத்தில் ஒருபோதும் வைக்கலாகாது. வண்டியோடு கொடுத்த புத்தகத்திலும், வெயில் தடுக்கும் பலகையின் மேலும் இது படமாகவே வரைந்திருக்கிறது. அந்தப் படத்தின்மேல் சுங்கச்சாவடிச் சீட்டுகளைச் செருகி வைத்திருந்தவன் நான்.

அருளை விலக்கும் வகைகள் இன்னும் சில உண்டு. வண்டியின் முகப்புக்கு முன்னே கனத்த இரும்புக் கம்பிகளை வேலியாக மாட்டிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் நெடுங்காலமாக இருந்தது. மோதலின் அதிர்வு உரியபடி உணர்கருவியை எட்டாமல் பை விரியத் தவறலாம், சாலையில் நடப்பவர்க்கும் அந்த வேலி எமனாகலாம் என்பதால் 2017 டிசம்பரில் மத்திய அரசு அதைத் தடுத்து ஆணையிட்டது. இருக்கையின் பக்கவாட்டில் பை உள்ள கார்களுக்குக் கண்ட கண்ட உறையைத் தைத்து மாட்டுவதும் அத்தகையதே. காப்பதற்கென்று செய்த பொருளே கெட்டுப்போவதும் நடக்கும்: தகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பைகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில் ஆண்டுகள் செல்லச் செல்ல நிலைகெட்டு, விரியும்போது உலோகச் சிதறல்களை வீசியதால், உலகெங்கும் கோடிக்கணக்கான பைகள் திரும்ப அழைக்கப்பட்டன. அழைப்பு வந்தால் போய் மாற்றிக்கொள்ள வேண்டும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், துணை நம்மோடு வரவில்லையென்று பொருள்.

இந்தப் பையின் பிறப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1952-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஜான் ஹெட்ரிக் என்ற பொறியாளர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் ஏழு வயது மகளையும் முன் இருக்கையிலேயே அமர்த்திக்கொண்டு காரில் உலாவப் போயிருந்தார். மேட்டைத் தாண்டியதும் சாலையில் ஒரு பாறை கிடக்கக் கண்டு, வண்டியைத் திருப்பிப் பள்ளத்தில் இறக்கிவிட்டார். பிரேக்கை மிதித்த அந்தக் கணத்தில் அவர் கையும் மனைவியின் கையும் ஒருங்கே நீண்டு, நடுவில் இருந்த குழந்தை முன்னே மோதாதபடி தடுத்தன. யாருக்கும் காயமில்லை. ஆனால் வீடு திரும்பிய பிறகும் அந்தக் கைகளின் நினைவு அவரை விடவில்லை. கடற்படையில் பணியாற்றிய நாளில், டார்பிடோ ஒன்றிலிருந்து அழுத்தக் காற்று தவறி வெளிப்பட்டு, அதன்மேலிருந்த கித்தான் உறையைக் கூரைவரை எறிந்ததை அவர் பார்த்திருந்தார். இரண்டையும் சேர்த்து எண்ணியதில் பிறந்த வரைபடத்துக்கு 1953 ஆகஸ்டில் காப்புரிமை கிடைத்தது. பைகளை வைத்த கார்கள் விற்பனைக்கு வருமுன் அந்த உரிமை காலாவதியாகிவிட்டதால் அவருக்கு அதில் பொருள் வரவேயில்லை. இந்திய நாட்டில் 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து ஓட்டுநருக்கான பை கட்டாயமாயிற்று. அருகில் இருப்பவருக்கு அதற்கும் பின்பே. ஒரு தாயும் தந்தையும் நீட்டிய கைகள் எங்கள் தெருவரை வந்து சேர ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆயின.

இதை அத்தையிடம் சொன்னபோது, சித்தாந்தமெல்லாம் செய்யாததை அந்தக் கைகளின் கதை செய்தது. மறுநாள் குளித்துவிட்டு ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு வந்தவர், தையல் நூல் ஒன்றைப் பிள்ளையாரின் பீடத்துக்கும் டேப்புக்கும் இடையே விட்டு, ரம்பம் இழுப்பதுபோல இருபுறமும் மெல்ல மெல்ல இழுத்தார். நூல் இருமுறை அறுந்தது. மூன்றாவது முறை விக்ரகம் அவர் உள்ளங்கையில் வந்து அமர்ந்தது. பூஜை மாடத்தில் அதை வைத்துவிட்டு, “கோயில்லயும் அவரைத் தொட்டுக்கிட்டு யாரு நிக்கிறா? அர்த்தமண்டபத்துக்கு வெளியிலதானே நிக்கிறோம். தள்ளி நின்னா பக்தி குறைஞ்சுடுமா?” என்றார், என்னிடம் சொல்வதுபோலத் தமக்கே சொல்லிக்கொண்டு. காரில் இப்போது கியருக்கு முன்னால் கீழே ஒட்டிய ஒரு காகிதப் படந்தான் இருக்கிறது. லாரிக்காரர்கள் ‘துணை’ என்று எழுதிவிட்டு ஸ்டீயரிங்கை விட்டுவிடுவதில்லையே என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

சென்ற மாதம் மறுபடியும் திருவரங்கத்துக்குப் புறப்பட்டோம். பேத்தி பின் இருக்கையில், தனக்கென்று வாங்கிய குழந்தை இருக்கையில் பெல்ட்டுடன் அமர்ந்து, சிறிது நேரம் முரண்டு பிடித்துவிட்டுத் தூங்கிப்போனாள். அத்தை முன் இருக்கையை ஒரு படி பின்னே தள்ளிக்கொண்டு, பெல்ட்டின் கொக்கி மாட்டிய சத்தம் கேட்ட பிறகே கை குவித்தார். உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டியதும் சாலையின் நடுத்திட்டிலிருந்து ஒரு வெள்ளாடும் அதன் பின்னே குட்டியும் குறுக்கே ஓடிவந்தன. பிரேக்கை அழுத்தி மிதித்தேன். நான் நினையாமலே என் இடக்கை ஸ்டீயரிங்கை விட்டு நீண்டு அத்தையின் மார்புக்கு முன்னே போய் நின்றது. அதற்கு முன்பே பெல்ட் அவரை இறுகப் பிடித்திருந்தது. ஆடும் குட்டியும் அந்தப் பக்கம் இறங்கிவிட்டன. அத்தை என் கையைப் பற்றி, அது முன்பிருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்து, “போ” என்றார்.